ஆண்டுக்குள் நுழைந்த காற்புள்ளி: விக்கி வினவல் முடிவுகளைக் காட்டும் முறை பற்றி

வாசகர் கேள்வி
2 ஜூன், காலை 9.15

விக்கிப் பக்கங்களிலுள்ள விவரங்களைத் தரவாகச் சேமித்துக் கேட்டெடுக்க உதவும் செமன்டிக் மீடியாவிக்கியில் நூற்பட்டியல் ஒன்றை அமைத்து வருகிறேன். நூலுக்கு ஒரு பக்கம். ஆசிரியர், வெளியான ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவை பண்புகள். அவற்றைக் கேட்டெடுக்க எழுதிய வினவல் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஆண்டு நெடுவரிசையில் 1954 என்பது 1,954 என்று காற்புள்ளியோடு வருகிறது. வினவலின் வேலை தரவைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பின் வருவதெல்லாம் ஒப்பனைதான் என்பது என் எண்ணம். அந்த ஒப்பனையை எங்கே மாற்றுவது?

பதில்
2 ஜூன், இரவு 8.40

வினவலில் கேள்விக்குறியிட்டு எழுதும் பண்பின் பெயருக்குப் பின்னால் ஒரு ஹேஷ் குறியையும் அதையடுத்து ஒரு சிறுகோட்டையும் சேர்த்துவிடுங்கள். மதிப்பு எந்த அலங்காரமும் இல்லாமல், காற்புள்ளி நீங்கி, 1954 என்றே வரும். தேர்வு வேறு, ஒப்பனை வேறு என்ற உங்கள் கருத்தும் எனக்கு ஏற்புடையதே.

2 ஜூன், இரவு 9.20

கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த வாரம் இதைத்தான் கேட்பீர்கள். பண்பின் பெயரை அடுத்துச் சமக்குறியிட்டு வேறொரு சொல்லை எழுதினால் நெடுவரிசையின் தலைப்பு அந்தச் சொல்லாக மாறும். தலைப்புகள் அனைத்தும் பண்புப் பக்கங்களுக்கு இணைப்புகளாக இருப்பது வாசகருக்குத் தொந்தரவாக இருந்தால், ஹெடர்ஸ் என்ற அளபுருவுக்கு, அதாவது வினவலோடு சேர்த்து எழுதும் அமைப்புச் சொல்லுக்கு, பிளெயின் என்று மதிப்புக் கொடுங்கள். ஹைட் என்று கொடுத்தால் தலைப்புகளே மறைந்துவிடும். மெயின்லேபிளுக்கு வெறும் சிறுகோட்டை மதிப்பாகக் கொடுத்தால், பக்கப் பெயர்களைத் தாங்கிய முதல் நெடுவரிசை மறையும். முடிவின் வடிவத்தைச் சொல்லும் பார்மட் எதையும் குறிப்பிடாவிட்டால் மென்பொருள் தானாகவே முடிவு செய்துகொள்கிறது: பண்புகள் எதுவும் கேட்கப்படாத வினவலுக்குப் பட்டியல், பண்புகள் கேட்கப்பட்ட வினவலுக்கு அட்டவணை.

3 ஜூன், காலை 6.50

நேற்றுச் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஹேஷ் குறியும் சிறுகோடும் காற்புள்ளியை நீக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டைக் காட்டும் ஒவ்வொரு வினவலிலும் அதை எழுதியாக வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் காற்புள்ளி திரும்பி வந்துவிடும். காற்புள்ளி வருவதற்கான காரணம் காட்சியில் இல்லை. வெளியான ஆண்டு என்ற பண்பின் வகையை நீங்கள் எண் என்று அறிவித்திருக்கிறீர்கள். எண்ணை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துக் காட்டுவது அந்த வகைக்கு இயல்பு. 1954 பக்கங்கள் கொண்ட நூலுக்கு அது சரியும்கூட. ஆண்டு ஓர் எண்ணிக்கையன்று, ஒரு காலப்புள்ளி. பண்புப் பக்கத்தில் வகையைத் தேதி என்று மாற்றுங்கள். தேதி வகை ஆண்டை மட்டும் தந்தாலும் ஏற்றுக்கொள்ளும். தந்த அளவுக்கு மட்டுமே காட்டும், ஜனவரி 1 என்று தானாக எதையும் ஒட்டாது.

எனக்கு இது தெரிய வந்த விதம் அவ்வளவு பெருமைக்குரியதன்று. என்னுடைய விக்கியிலும் நூற்பட்டியல்தான், 611 பக்கங்கள். முடிவுகளை வார்ப்புரு (பல இடங்களில் மீண்டும் மீண்டும் பயன்படும் அச்சுப் பக்கம்) ஒன்றுக்கு அனுப்பி, நூல் வெளியாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிட்டுக் காட்ட முயன்றேன். ஒவ்வொரு வரியிலும் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தது. வார்ப்புருவை மூன்று மாலைகள் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். வார்ப்புருவில் ஒரு குற்றமும் இல்லை. அதற்குள் நுழைந்த மதிப்பே காற்புள்ளியோடு நுழைந்ததால், கழித்தல் கணக்குச் செய்யும் செயற்கூறு அந்தக் காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிட்டது.

3 ஜூன், மாலை 5.10

வகையை மாற்றிய உடனே அட்டவணையில் ஆண்டுகள் காணாமல் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும், என் தவறுதான். எண் வகை மதிப்புகள் தரவுத்தளத்தில் ஓரிடத்திலும் தேதி வகை மதிப்புகள் வேறோரிடத்திலும் சேமிக்கப்படுகின்றன. வகை மாறியதும் மென்பொருள் புதிய இடத்தில் தேடுகிறது. பழைய மதிப்புகளோ இன்னும் பழைய இடத்திலேயே கிடக்கின்றன. அந்தப் பண்பைப் பயன்படுத்தும் பக்கங்களை எல்லாம் மீண்டும் படித்து எழுதும் பணிகள் பின்னணி வரிசையில் சேர்ந்திருக்கும். அவை முடியும் வரை காத்திருங்கள், அல்லது விக்கியின் நிர்வாகியிடம் சொல்லி அந்த வரிசையை இயக்கச் சொல்லுங்கள். அதற்குள் பதறிப்போய் வகையைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள். நான் அப்படித்தான் மாற்றினேன், பின்பு மனம் மாறி மீண்டும் தேதியாக்கினேன், ஆக மொத்தப் பணிகளும் மும்முறை ஓடின.

4 ஜூன், இரவு 10.30

ஒப்பனை பற்றி இன்னொன்று. வார்ப்புரு வழியாக முடிவுகளைக் காட்டுவதே என் விருப்பம், ஏனென்றால் அட்டவணையில் அடங்காத எதையும் அதில் எழுதிக்கொள்ளலாம். பார்மட்டுக்கு டெம்ப்ளேட் என்று மதிப்புக் கொடுத்து, வார்ப்புருவின் பெயரையும் தந்தால், ஒவ்வொரு முடிவும் 1, 2, 3 என எண்ணிட்ட மதிப்புகளாக அந்த வார்ப்புருவுக்குச் செல்லும். எண்களை நம்பி எழுதினால் இடையில் ஒரு பண்பைச் சேர்த்த அன்று ஆசிரியரின் இடத்தில் பக்க எண்ணிக்கையும் பக்க எண்ணிக்கையின் இடத்தில் ஆண்டுமாக எல்லாம் ஒரு படி இறங்கிவிடும். நேம்டு ஆர்க்ஸ் என்ற அளபுருவை இயக்கிவிட்டால் பண்பின் பெயராலேயே மதிப்புகள் செல்லும். தொடக்கத்திலேயே அதைச் செய்துவிடுவது நல்லது.

மதிப்புகள் வெறும் சொற்களாகச் செல்வதில்லை, இணைப்புகளாகச் செல்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். நூலின் பெயரைக் கொண்டு அட்டைப்படக் கோப்பின் பெயரை வார்ப்புருவுக்குள் உருவாக்க முயன்றால், கோப்புப் பெயரின் நடுவே இணைப்புக்குரிய சதுர அடைப்புக்குறிகள் வந்து நிற்கும், படம் வராது. லிங்க் என்ற அளபுருவுக்கு நன் என்று மதிப்புக் கொடுத்தால் வெறும் சொல் வரும். இணைப்பு வேண்டிய இடத்தில் வார்ப்புருவுக்குள் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

ஒரு நூலுக்கு மூன்று ஆசிரியர்கள் இருந்தால் மூவரும் காற்புள்ளியால் இணைக்கப்பட்டு ஒரே மதிப்பாக வருவார்கள். என் விக்கியிலோ ஆசிரியர் பெயரிலேயே காற்புள்ளி உண்டு, ஏனெனில் பெயரை முன்னும் முதலெழுத்தைப் பின்னும் எழுதும் வழக்கத்தை நானே ஏற்படுத்திவைத்தேன். மூன்று ஆசிரியர்கள் ஆறு பேராகப் பெருகினார்கள். மதிப்புகளைப் பிரிக்கும் குறியை வேல்யூசெப் என்ற அளபுருவால் அரைப்புள்ளியாக மாற்றிய பிறகே மக்கள்தொகை கட்டுக்குள் வந்தது. பட்டியல் வடிவங்கள் 3.0 பதிப்பில் திருத்தி எழுதப்பட்டதால், அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இந்த அளபுருவைத் தேடிப் பயனில்லை.

5 ஜூன், காலை 7.15

உங்கள் அட்டவணையின் அடியில் மேலும் முடிவுகள் என்றொரு இணைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். எத்தனை முடிவுகள் வேண்டும் என்று சொல்லும் லிமிட் எதையும் குறிப்பிடாத வினவல் இயல்பாக 50 முடிவுகளோடு நின்றுவிடும். அந்த இணைப்பின் சொற்களைச் சர்ச்லேபிள் அளபுருவால் மாற்றலாம். மதிப்பை வெறுமையாக விட்டால் இணைப்பே இராது. அழகுக்காக நான் அப்படித்தான் வெறுமையாக விட்டிருந்தேன். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் என் விக்கியின் வாசகர்கள் அந்த 50 நூல்களையே முழுப்பட்டியல் என்று நம்பியிருக்கிறார்கள். என் குறையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது முழுப்பட்டியலன்று என்பதைச் சொல்ல அந்தப் பக்கத்தில் அந்த ஓர் இணைப்பைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

5 ஜூன், இரவு 9.00

காலையில் எழுதியதையே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் குறிப்பில் உங்கள் கருத்தை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது. லிமிட் என்பது காட்சியைச் சேர்ந்த அளபுரு, தேர்வுக்கான நிபந்தனைகளில் அது இடம்பெறுவதில்லை. ஆயினும் 611 நூல்களில் 561 நூல்களை மறைத்தது அதுதான். ஒப்பனை என்று நாம் அழைத்தது தேர்வின் வேலையைச் செய்திருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு கண்ணி அட்டவணைத் தலைப்பிலுள்ள அம்புக்குறிகள். அவற்றைச் சொடுக்கினால் அட்டவணை வரிசை மாறுகிறது. ஆண்டுத் தலைப்பைச் சொடுக்கி, மேலே வந்த நூலை இருப்பதிலேயே பழைய நூல் என்று ஒருவர் என்னிடம் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்த வரிசைமாற்றம் வாசகரின் உலாவியில், திரைக்கு வந்துவிட்ட 50 வரிகளுக்குள் மட்டுமே நடக்கிறது. மீதி 561 நூல்களும் அதில் கலந்துகொள்வதில்லை. வினவலுக்குள் சார்ட் அளபுருவால் செய்யும் வரிசைமாற்றமோ வழங்கியில், வெட்டுவதற்கு முன்பே, எல்லா முடிவுகளுக்கும் நடக்கிறது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன.

6 ஜூன், இரவு 11.45

லிமிட்டை 1000 ஆக்கினேன். 500 வரிகளே வந்தன. பக்கத்துக்குள் எழுதப்படும் வினவலுக்கு நிர்வாகி வைக்கும் மேல் எல்லை ஒன்று உண்டு, அதன் இயல்பான அளவு 500. பக்கத்தில் எவ்வளவு பெரிய எண்ணை எழுதினாலும் அதைத் தாண்ட முடியாது. அமைப்புக் கோப்பில் மாற்றலாம். ஆனால் ஒரே பக்கத்தில் அறுநூறு வரிகளை யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். எத்தனை முடிவுகளைத் தாண்டித் தொடங்குவது என்று சொல்லும் ஆஃப்செட் அளபுருவால் முதல் 500 ஓர் அட்டவணையிலும் எஞ்சியவை இன்னொன்றிலுமாகப் பிரித்து, இரண்டையும் ஆண்டின்படி வரிசைப்படுத்தினேன்.

இரண்டாவது அட்டவணையில் 111 வரிகள் இருக்க வேண்டும். 74 இருந்தன.

7 ஜூன், காலை 6.20

காணாமல் போன 37 நூல்களைக் கண்டுபிடித்துவிட்டேன். அவை ஆண்டு குறிப்பிடப்படாத நூல்கள். செமன்டிக் மீடியாவிக்கியின் இயல்பான அமைப்பில் ஒரு பண்பைக் கொண்டு வரிசைப்படுத்தினால், அந்தப் பண்புக்கு மதிப்பே இல்லாத பக்கங்கள் முடிவிலிருந்து நீங்கிவிடுகின்றன. கடைசியில் போய் நிற்பதில்லை, வெற்றுக் கட்டமாக வருவதுமில்லை, இல்லாமலே போகின்றன. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. வரிசைப்படுத்து என்ற சொல்லைக் கேட்டால், இருப்பவற்றை வேறு ஒழுங்கில் அடுக்குவது என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே அது ஆண்டு உள்ளவற்றை மட்டும் எடு என்ற நிபந்தனையையும் ஓசையில்லாமல் சேர்த்துக்கொள்கிறது.

ஆகவே, உங்கள் கருத்துக்கு நான் தந்த ஒப்புதலை இப்போது முழுமையாகவே திரும்பப் பெறுகிறேன்.

7 ஜூன், பிற்பகல் 2.00

எல்லா வினவல் மொழிகளும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதற்காகச் சிறிது விலகிச் செல்கிறேன். வழக்கமான எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வரிசைப்படுத்தும் கட்டளை மதிப்பற்ற வரிகளையும் வைத்துக்கொள்கிறது. அவை ஏதேனும் ஒரு முனையில் போய்ச் சேரும். மீடியாவிக்கிக்கான கார்கோ என்ற நீட்சி (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) அத்தகைய தரவுத்தள அட்டவணைகளின் மேல் அமைந்தது என்பதால், எஸ்க்யூஎல் பழகியவர்களுக்கு அதில் இந்த அதிர்ச்சி குறைவு. விக்கித்தரவின் வினவல் சேவையில் ஸ்பார்க்கில் மொழி பயன்படுகிறது. அங்கே ஆண்டு இருந்தால் தா, இல்லாவிட்டாலும் வரியைத் தா என்று ஆப்ஷனல் என்ற சொல்லால் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் அங்கும் வரி போய்விடும், ஆனால் அது நிபந்தனைப் பகுதியில் கண்ணுக்கு முன்னால் எழுதப்பட்டிருக்கும். காட்சியைத் தீர்மானிக்கும் வரியையோ அவர்கள் வினவலுக்குள் ஒரு குறிப்புரையாக எழுத வைத்திருக்கிறார்கள். வரைபடமாகக் காட்டு என்ற வேண்டுகோளை வினவல் இயந்திரம் படிப்பதே இல்லை, முடிவைத் திரையில் வரையும் பகுதி மட்டுமே படிக்கிறது. தேர்வையும் ஒப்பனையையும் நீங்கள் முதலில் சொன்ன முறையிலேயே பிரித்துவைத்த ஏற்பாடு அது. உங்கள் கருத்து தவறன்று, அதைத் தவறான மென்பொருளுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்றும் கொள்ளலாம்.

8 ஜூன், இரவு 9.30

ஆண்டில்லாத 37 நூல்களை மட்டும் தனியே காட்ட ஒரு வினவல் எழுதலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். முயன்றேன். இந்தப் பண்புக்கு மதிப்பு இல்லாத பக்கங்களைத் தா என்று கேட்க இந்த வினவல் மொழியில் வழி இல்லை. இருப்பதைக் கேட்கலாம், இல்லாததைக் கேட்க முடியாது. சுற்றுவழி வார்ப்புருவில் இருக்கிறது. நூல் விவரங்களைப் பதியும் வார்ப்புருவில் ஆண்டுக் கட்டம் வெறுமையாக இருந்தால், ஆண்டு அறியப்படாத நூல்கள் என்ற பகுப்பில் பக்கம் தானாகச் சேரும்படி ஒரு நிபந்தனையை எழுதிவிட்டேன். இல்லாமை இப்போது ஒரு பகுப்பாகிவிட்டது, பகுப்பைக் கேட்க முடியும்.

இந்த மாற்றத்தைச் செய்துவிட்டுப் பட்டியல் பக்கத்தைப் பார்த்தால் பழைய அட்டவணையே தெரிந்தது. அரை மணி நேரம் கழித்தும் அதே நிலை. மீடியாவிக்கி ஒருமுறை உருவாக்கிய பக்கத்தின் நகலைச் சேமித்துவைத்து அதையே எல்லோருக்கும் காட்டுகிறது. தரவு வேறு பக்கத்தில் மாறியதை அந்த நகல் உடனே அறியாது. பர்ஜ் செய்த பின்பு, அதாவது அந்த நகலை நீக்கிப் பக்கத்தைப் புதிதாக உருவாக்கச் செய்த பின்பு, சரியாயிற்று. இதே காரணத்தால், முகப்பில் நாளொரு நூல் காட்டலாம் என்று ஆர்டர் அளபுருவுக்கு ரேண்டம் என்று கொடுத்து நான் அமைத்த பெட்டி, நான்கு நாட்கள் ஒரே நூலைப் பிடிவாதமாகப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தது.

9 ஜூன், காலை 7.00

ஆஃப்செட்டால் பிரித்தது வாசிப்பவருக்குப் பொருளற்ற எல்லை என்று தோன்றியதால், 1950 ஆம் ஆண்டைக் கொண்டு இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் 1950ஐ விடக் குறைவு, மற்றதில் 1950ஐ விட அதிகம். 1950 ஆம் ஆண்டு நூல்கள் இரண்டிலும் விடுபடுமே என்று கவலைப்பட்டு, மூன்றாவது அட்டவணை ஒன்றுக்கும் திட்டமிட்டிருந்தேன். அதற்குத் தேவையே ஏற்படவில்லை: முதல் அட்டவணையில் 211, இரண்டாவதில் 376, கூட்டினால் 587. ஆண்டு உள்ள நூல்கள் இருந்ததோ 574. இந்த மென்பொருளில் அதிகம் என்ற குறி, நிர்வாகி அமைப்பை மாற்றாதவரை, அதிகம் அல்லது சமம் என்றே பொருள்படுகிறது, குறைவுக்குறியும் அவ்வாறே. 1950 ஆம் ஆண்டின் 13 நூல்களும் இரண்டு அட்டவணைகளிலும் வந்து அமர்ந்திருந்தன. குறியை இரட்டித்து எழுதினால் சமம் நீங்கும். இது காட்சி பற்றியதன்று, தேர்வு பற்றியது என்று நீங்கள் சொல்லக்கூடும். காட்சிக்காகப் பிரிக்கப் போய் மாட்டிக்கொண்டது என்பதால் இங்கேயே இருக்கட்டும்.

9 ஜூன், இரவு 8.15

நூற்பெயரின் அகரவரிசை பற்றிக் கேட்டவருக்கு: அப்பா என்று தொடங்கும் நூல் அன்பு என்று தொடங்கும் நூலுக்குப் பின்னால் வருவது உங்கள் வினவலின் குற்றமன்று. இயல்பான அமைப்பில் எழுத்துகளின் யூனிகோட் எண்களைக் கொண்டே வரிசைப்படுத்தப்படுகிறது. அந்த எண்வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும் பகரத்துக்கு முன்பும் இருக்கிறது, றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கிறது. நம்முடைய நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் கடைசியில் வருபவை. அதனால்தான் மலை, மழை, மறை என்று வர வேண்டியவை மறை, மலை, மழை என்று வருகின்றன. 3.0 பதிப்பு முதல் வரிசைமுறையை மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கிறது. யூனிகோட் வரிசைமுறை விதிகளை அதில் தேர்ந்தெடுத்து, பழைய பதிவுகளைப் புதுப்பிக்கும் நிரலை ஒருமுறை இயக்க வேண்டும். வழங்கியில் பிஎச்பி நிரல்மொழியின் இன்டில் நீட்சியும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஓரிரு பக்கங்கள் மட்டுமே தொல்லை தருகின்றன என்றால், எந்தப் பெயரில் வரிசைப்படுத்துவது என்று சொல்லும் டிஃபால்ட்சார்ட்டை அந்தப் பக்கங்களில் எழுதினால் போதும், வினவலும் அதை மதிக்கிறது.

11 ஜூன், இரவு 10.10

ஆண்டு அறியப்படாத நூல்கள் பகுப்பில் 36 பக்கங்கள் இருக்கின்றன. 574 உடன் கூட்டினால் 610. ஒன்று குறைகிறது.

11 ஜூன், இரவு 11.55

கிடைத்தது. அந்தப் பக்கத்தின் ஆண்டுக் கட்டத்தில் யாரோ, அநேகமாக நானே, சுமார் 1930 என்று எழுதியிருக்கிறேன். கட்டம் வெறுமையாக இல்லாததால் பகுப்பில் சேரவில்லை. சுமார் என்ற சொல்லைத் தேதி வகை ஏற்காததால் பண்புக்கு மதிப்பும் பதியவில்லை. ஆண்டு உள்ளவற்றிலும் இல்லை, இல்லாதவற்றிலும் இல்லை. பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் எச்சரிக்கைக் குறி தெரிந்திருக்கும், ஆனால் அட்டவணை வழியாக அந்தப் பக்கத்துக்கு யாரும் வந்திருக்க முடியாதே. இத்தகைய ஏற்கப்படாத மதிப்புகளை மென்பொருள் தனியொரு சிறப்புப் பண்பில் குறித்துவைக்கிறது. அதையே வினவலாகக் கேட்டதில்தான் இந்தப் பக்கம் வெளிப்பட்டது.

சுமார் என்பதை அழித்துவிட்டு 1930 என்று எழுதுவது எளிது. அது பொய்யாகிவிடும், நூலில் ஆண்டு அச்சிடப்படவில்லை. ஆகவே பண்பை இரண்டாக்கினேன்: வரிசைப்படுத்த ஓர் ஆண்டு, தேதி வகை, மதிப்பு 1930, காட்டுவதற்கு ஓர் ஆண்டுக் குறிப்பு, உரை வகை, மதிப்பு சுமார் 1930. வரிசைப்படுத்தும் பண்பை நெடுவரிசையாகக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதால், வாசகருக்குக் குறிப்பு மட்டுமே தெரியும்.

12 ஜூன், காலை 6.40

முதல் அட்டவணை 199, இரண்டாவது 376. 1950 ஆம் ஆண்டை இரண்டாவதிலேயே விட்டுவிட்டேன். அவற்றின் அடியில் ஆண்டு அறியப்படாதவை 36, நூற்பெயர் வரிசையில். மேலே மொத்த எண்ணிக்கையைக் காட்ட, வரிசைப்படுத்தாத தனி வினவல் ஒன்றைக் கவுன்ட் வடிவில் வைத்திருக்கிறேன். அது 611 என்கிறது. மேலும் முடிவுகள் இணைப்பையும் மூன்று அட்டவணைகளிலும் திரும்ப அனுமதித்துவிட்டேன்.